கீழ்ப்பக்கத்துக்கு ஒரு வலை

எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான்.
நாலாவது பக்கம் பள்ளம்.
தவறி உதைத்தால் தேயிலை, அதற்கும் கீழே ஓடை,
ஓடை போய்ச் சேரும் நீர்த்தேக்கம்.
சென்ற பருவத்தில் மட்டும் பதினோரு பந்துகள்
மின்சாரம் எடுக்கப் போய்விட்டன.

அதனால்தான் இந்த இரவு.
நோர்வூட் கூட்டுறவு மண்டபம்.
வாடகை நாற்காலி நூற்றைம்பது, வந்தவர் தொண்ணூறு.
ரோல்சும் பிளேன்டீயும் நுழைவுச்சீட்டோடு சேர்த்தி.
நான் பொருளாளர்.
காசுப்பெட்டிச் சாவி என் சட்டைப் பையில்.
வெளியே சொல்லக்கூடாத இன்னொரு வேலையும் உண்டு:
ஏலம் படுத்துவிட்டால்
கை தூக்கி அதை எழுப்பிவிட வேண்டும்.

முதற் பேச்சாளர் வேட்பாளர்.
வீட்டுத்திட்டத்தில் தொடங்கி
இருநூறு வருடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி
நாற்பதாவது நிமிடத்தில்
"உங்கள் கிரிக்கெட் கழகம் வாழ்க" என்று அமர்ந்தார்.
பின்வரிசையில் யாரோ "அவுட்" என்றார்கள்.

அடுத்தது யோகமலர்.
மாவட்டப் பெண்கள் அணியில் இடது ஓரம் ஓடியவள்,
இப்போது கட்டுநாயக்காவில் தையல்,
இரவு பஸ்ஸில் வந்து இரவு பஸ்ஸிலேயே திரும்புகிறவள்.
மைக்கைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள்.
"வலை கட்டுங்க, நல்லதுதான்.
இத்தனை வருசம் நீங்க மேல விளையாட
கீழ தேயிலைக்குள்ள நின்னு பந்து பொறுக்கினது நாங்க.
அட்டை கடிச்ச தழும்பு இருக்கு.
ஏலத்துல போட்டா எவ்வளவு போகும்?"
மண்டபம் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.

ஏலம் கூவியவர் மீன்கார அந்தோனிப்பிள்ளை.
குரலுக்காகப் பிடித்தோம்;
இடையிடையே கிலோக் கணக்கு வந்துவிடுகிறது.
ஒரு விரல் இல்லாத கையுறை, இரண்டாயிரத்து ஐந்நூறு.
காலமான நடுவர் தியோடரின் விசில்
அவருடைய மருமகனுக்கே போனது.
வாங்கியதும் ஊதிப் பார்த்தான்.
ஓடித் திரிந்த பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஏழாம் இலக்கம் ஒரு பந்து.
டிக்கோயாவில் இறுதிப் போட்டி, தண்ட உதை,
வெளியே போன கிண்ணம்.
உதைத்தது யாரென்று அந்தோனிப்பிள்ளை சொல்லவில்லை.
தொண்ணூறு கழுத்துகள் தாமாகவே என் பக்கம் திரும்பின.

"ஆயிரம்" என்றது ஒரு குரல்.
அஸ்மீர். அன்றைய அட்டன் அணியின் கோலி.
இப்போது டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை,
வயிறு மேசையில் இடிக்கிறது.
ஆயிரத்து ஐந்நூறு என்றேன், வேலை அது.
இரண்டு என்றான்.
இரண்டரை. மூன்று. நாலு.
ஐந்து என்றான்.
இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஒரு கம்பத்துக்கு ஆகும் என்று
ஆறாயிரம் என்றேன்,
அவன் ஆறரை சொல்வான் என்று.

அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

அன்றும் இப்படித்தான்.
கோலி ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்தே தீருவான்,
நடுவில் அடித்தால் போதும் என்று ஓடி வந்தேன்.
பாயவே இல்லை.
சங்கக்கடையில் பங்கீட்டு மா வாங்குகிறவன் போல
நெஞ்சோடு வாங்கிக்கொண்டு நின்றான்.

ஒருதரம்.
இரண்டுதரம்.
மூன்றாவதை அந்தோனிப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்,
விலைபோகாத மீனைப் பெட்டிக்குள் திரும்ப வைப்பது போல.

என் மேசை, என் பேனை.
எனக்கு நானே பற்றுச்சீட்டு எழுதினேன்:
நன்றியுடன் பெற்றுக்கொண்டோம், ரூபாய் ஆறாயிரம்.
கையில் இருந்தது இரண்டாயிரத்து நானூறு.
மீதி பத்தாம் தேதி சம்பளத்தில்.
வீட்டில் என்ன சொல்வதென்று எழுத
அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

பிளேன்டீக் கோப்பையோடு அஸ்மீர் வந்தான்.
"அன்டைக்கு நான் பாயாம நின்டது
கெட்டித்தனமெண்டா நினைச்சீங்க?
கால் நரம்பு இழுத்துக்கிட்டு. அசைய ஏலாது."
சரி, இன்றைக்கு என்றேன்.
"இன்டைக்கு பாக்கெட்ல அஞ்சுதான் ஈந்திச்சி."

பந்தை மேசையடியில் வைத்திருந்தேன்.
இந்த மண்டபத் தரையும் எங்கள் மைதானம் மாதிரிதான்;
அது வாசலைப் பார்த்து உருளத் தொடங்கியிருந்தது.
நான் எழுவதற்குள்,
பஸ்ஸுக்கு நேரமாகி வெளியேறிக்கொண்டிருந்த யோகமலர்
பார்க்காமலே இடது காலை நீட்டி
நிறுத்திவிட்டுப் போனாள்.