புறமுதுகு

லோபோஸ் முனையில் அலை எப்போதும் இடப்பக்கமாகத்தான் உடையும்.
என் கால்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை.
இடது காலை முன்வைத்தே நிற்கப் பழகியவள் நான்.
ஆகவே இங்கே ஒவ்வொரு அலைக்கும்
முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறேன்.

வலது கால் முன்வைக்கும் ஒட்டிலியா
அலையை எதிரில் வைத்துக்கொண்டு போவாள்,
மீன்காரியிடம் நின்று பேரம் பேசுகிறவள்போல.
எனக்கு அது
ஆளில்லாத தெருவில்
பின்னால் வரும் காலடி.

ஆறு குளிர்காலம் இப்படி.
ரப்பர் உடுப்புக்குள் ஊறுகாயாக ஊறிய உடம்பு.
உள்ளங்கையில் காய்ப்புத் தந்த துடுப்பு
ஒரு திருப்பமும் தரவில்லை.
சரிவின் அடிவரை நேராக இறங்கிவிடுவேன்.
அங்கே குதிகாலில் எடையை வைக்க வேண்டும்.
அலையின் பக்கம் துடுப்பை ஊன்ற வேண்டும்.
பலகை பூனைபோல் வளைந்து மேலே ஏற வேண்டும்.
எல்லாம் தெரியும்.
தெரிந்தும்
நாற்காலி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவள்போல்
பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு
கால்விரல்களைக் குனிந்து பார்ப்பேன்.
அவை பத்தும் பத்திரமாக இருக்கும்.
அதற்குள் நுரை வந்து
என்னையும் பலகையையும் துடுப்பையும்
மூன்று திசைக்கு அனுப்பிவைக்கும்.

எவரிஸ்தோவுக்கு நீச்சல் தெரியாது.
வாரத்தில் ஆறு நாள்
நான் எரிவாயு லாரி ஓட்ட,
அவன் பின்னால் நின்று
இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டித் தெருவை எழுப்புவான்.
ஞாயிறன்று பாறை விளிம்பில் உட்கார்ந்து
நான் விழுவதைப் படம் பிடிப்பான்,
ஒரு கையில் போன்,
மறு கையில் நண்டு எம்பனாடா.

பதினோராவது முறை விழுந்து
கடற்பாசி சுற்றிய கழுத்தோடு கரையேறியபோது கேட்டான்:
"சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுக்கும்போது
எங்கே பார்ப்பாய்?"
"ஜன்னலுக்கு வெளியே. இடது தோளுக்கு மேலாக."
"காலைப் பார்க்க மாட்டாயா?"
"காலைப் பார்த்தால் சுவரில் இடிப்பேன், கழுதை."
அவன் எம்பனாடாவைக் கடித்தான்.
நான் காதிலிருந்த தண்ணீரைத் தட்டினேன்.
இரண்டு பேரும் வேறெதுவும் பேசவில்லை.

மறுபடி உள்ளே போனேன்.
தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிர்.
மூன்று அலையை விட்டேன். நான்காவது என்னுடையது.
நான்கு இழுப்பு, பலகை பிடித்துக்கொண்டது, இறக்கம்,
அடியில் முழங்காலை மடித்து
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

ஜன்னல் இல்லை. இருந்தாலும் நீட்டினேன்.
தலை போன வழியே தோள் போயிற்று,
தோளின் பின்னே இடுப்பு,
கடைசியில், ஏதோ அழைப்பு வந்ததுபோல், குதிகால்.
துடுப்பின் தட்டை அலைக்குள் ஊன்றியபோது
அது சுவராக இல்லை.
ஆறு வருடம் என் பின்னால் வந்த ஆளை
அன்றுதான் முகம் பார்த்தேன்.
கண்ணாடிப் பச்சை.
உள்ளே கோச்சாயூயோ கொடிகள்
ஈரத் தலைமுடிபோல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
உச்சியில் வெயில் பட்ட ஒரு கிழிசல்.
நான் அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தேன்.
ஏறிக்கொண்டிருந்தேன்,
முதுகு காட்டியபடியே.

உச்சியில் துடுப்பை வலப்பக்கம் மாற்ற வேண்டும்.
மாற்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.
அலை என்னைத் தூக்கி
மறுபக்கம் வீசியது, ஒரு மூட்டையைப்போல.
தண்ணீருக்குள்ளேயே சிரித்ததில்
ஒரு மடக்கு உப்பு.

எவரிஸ்தோ அதைப் படம் பிடிக்கவில்லை.
எம்பனாடா எண்ணெய்க் கையில் போன் வழுக்கியதாம்.
"ஏறினாயா?" என்றான்.
"ஏறினேன்."
"அப்படியா" என்று விரலை நக்கினான்.

திங்களன்று மேட்டுத் தெருவில்
லாரியைப் பின்னால் எடுக்கையில்
தலை வெளியே, தோள் வெளியே,
முழங்கால் தானாக மடிந்து
பிரேக் ஒரு நொடி தாமதம்.
யாருடைய வாசலிலோ ஒரு ஜெரேனியத் தொட்டி பலி.
கம்பி சிலிண்டரில் இரண்டு முறை தட்டியது:
போதும், நிறுத்து.