நாளுக்கு நாலு கால்

காலை ஆறுக்கு ஒரு கால்.
மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று.
சாயங்காலம் ஆறு. நள்ளிரவு பன்னிரண்டு.
கால் மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று
நாலு முறை திருகினால் ஒரு நாள் கழியும்.
பத்தாம் நம்பர் ஸ்பானர் தலையணைக்கடியில்,
மூக்குக்கண்ணாடிக்கும் செல்போன் சார்ஜருக்கும் நடுவே.

வோல்கோகிராட். மூன்றாம் மாடி ஜன்னல்.
தூரத்துக் குன்றின்மேல்
வாளோங்கி நிற்கிறாள் அந்தக் கான்கிரீட் பெண்.
அவளைக் குட்டை என்று யாரும் சொன்னதில்லை.
நான் நூற்று அறுபத்திரண்டு.
இன்றைய கணக்கில் நூற்று அறுபத்தைந்தரை,
அதுவும் படுத்தபடி அளந்தது.
நிற்க முடியாதவனுக்கு ஏது உயரம், நீளம்தான் என்கிறான்
பக்கத்துக் கட்டில் ரோதியோன்.
அவனுக்கு இன்னும் ஆறு சென்டிமீட்டர் பாக்கி.
வட்டி கட்டுகிறவன் முகத்தோடு
நாள்காட்டியில் கோடு கிழிக்கிறான்.

எலும்பை அறுத்தபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.
நரம்பு நீள மறுப்பதைத்தான்
முழித்திருந்து கேட்கிறேன்.
விண்ணென்று கட்டிய துணிக்கொடியில்
யாரோ மேலும் ஓர் ஈரக் கம்பளியைப் போடுகிறார்கள்,
மேலும் ஒன்று,
மேலும் ஒன்று.

புரள முடியாது. புரண்டால்
இரண்டு கால் வளையங்களும் மோதி டங்கென்னும்,
வார்டே விழித்துக்கொள்ளும்.
கம்பி நுழைந்த வாய்களை ஒவ்வொன்றாக
ஸ்பிரிட்டில் துடைக்கிறாள் நர்ஸ் ஃபைனா.
இடது காலில் ஏழாவது மட்டும் கசிகிறது.
அதற்குக் குழந்தை என்று பெயர் வைத்திருக்கிறாள்.
"ராத்திரி குழந்தை அழுததா?"
அழுதது என்பேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டால்
என் பதில் ஆளுக்கு ஆள் மாறும்.
டிராமில் எட்டாத கைப்பிடி.
புகைப்படத்துக்கு நிற்கும்போதெல்லாம்
சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிடும் அய்சா.
வாங்கிய அன்றே தையல்காரரிடம் போய்
என்னை முந்திக்கொண்டு
கால் அறுபட்டு வந்த பேண்டுகள்.

அப்பாவிடம் விபத்து என்றேன்.
பனி, வளைவு, லாரி.
கால்வாய் மதகில் முப்பது வருடம்
கப்பல்களை ஏற்றி இறக்கியவர்,
கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார்:
இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை வளையம்,
ஒரே உயரத்தில் வெட்டு.
"ரொம்ப நேர்த்தியான லாரி, சனால்" என்றார்.

அவ்வளவுதான்.
தெர்மாஸைத் திறந்து
உப்பும் வெண்ணெயும் மிதக்கும் எங்கள் தேநீரை ஊற்றினார்.
ரோதியோனுக்கும் ஒரு கோப்பை. அவன் முகம் சுளித்தான்,
இன்னொன்று கேட்டான்.

"நாளைக்கு எவ்வளவு?"
ஒரு மில்லிமீட்டர்.
"கால் மணி நேரத்தில் ஒன்பது மீட்டர் தூக்குவோம் நாங்கள்."
கப்பலுக்கு நரம்பு இல்லை அப்பா.
அதற்குச் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.

அன்றைய நள்ளிரவுக் காலுக்கு
மாத்திரை மயக்கத்தில் என் கை நடுங்கியது.
ஸ்பானரை வாங்கிக்கொண்டார்.
எந்தப் பக்கம் என்று காட்டப் போனேன்.
"அம்புக்குறி போட்டிருக்கிறதே."
திருகினார். நிறுத்தினார்.
தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.
இரு பக்கத் தண்ணீரும் சமமாகும்வரை
கதவைத் திறந்து பழகாத கை அது.
வலிக்கிறதா என்று கேட்கவில்லை.
நானும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரலில் வோல்காவில் பனி உடைந்த வாரம்
வாக்கரைப் பிடித்து எழுந்தேன்.
எதிரே அப்பா, தொடாமல்,
தொட்டுவிடும் தூரத்தில் இரு கை விரித்து,
கண்ணை என் பாதத்திலேயே வைத்துக் குனிந்தபடி.

உச்சியில்
ஒரு நாணயம் அகலத்துக்கு வழுக்கை.
எத்தனை வருடமாக இருக்கிறதோ.
நேற்றுவரை ஒரே மட்டத்தில் நின்ற இருவர் நாங்கள்,
எனக்குக் காட்ட வழியில்லாமல் இருந்திருக்கிறது அது.
சுற்றிலும் நரைமயிர்
புதிதாகப் பிறந்த எதையோ மூடுவது போல.

"என்ன பார்க்கிறாய்?"
ஒன்றுமில்லை என்றேன்.

ஃபைனா பின்னாலிருந்து கத்துகிறாள்:
குதிகால்! குதிகாலை இறக்கு!
இறக்குகிறேன்.
அது வரமாட்டேன் என்கிறது.
தரைக்கு இன்னும்
இரண்டு விரற்கடை.