வெளி யூனிட்

மே இரண்டாம் வாரம். செவ்வாய்ப்பேட்டையில்
பதினோரு மணிக்கே மாடித் தொட்டித் தண்ணீர்
டீத்தூள் போடும் பதத்துக்கு வந்திருந்தது.
மூன்றாவது வீடு லோகாம்பாள் மேடம்:
"காத்து வருது, குளிர் வரலைங்க.
கழட்டிட்டுப் புதுசா மாட்டிடுங்க, இன்வெர்ட்டர்."

பழசைத் திறந்தேன்.
ஃபில்டரில் கம்பளி நெய்யும் அளவு தூசி.
போர்டில் கருகிய பல்லி,
வால் மட்டும் எப்படியோ முழுசாக.
கெப்பாசிட்டருக்குத் தொப்பை விழுந்திருந்தது.
கேஸ், எந்த வழி என்று சொல்லாமல்,
எப்போதோ போயிருந்தது.

வெளி யூனிட் சந்தில்.
கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும்.
ஏணியில் நின்று போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும்போதுதான்
எதிர்ச் சன்னலைப் பார்த்தேன்.
அட்டை வைத்து அடைத்திருந்தது.
அட்டைக் கிழிசலுக்குள் ஒரு நீல நாக்கு.

கொலுசுப் பட்டறை.
சென்றாயன் குந்தியிருந்தார்,
முதுகோடு ஒட்டிய பனியனில் உப்புக் கோடுகள்.
கண்ணிக்குக் கண்ணி பொடி வைத்து ஊதுகிற வேலை.
ஃபேன் போட்டால் தீ ஆடும்.
தீ ஆடினால் பற்று நிற்காது.
"பதினோரு வருசமா உங்க மிஷினு
எம் மூஞ்சிக்குத்தான் ஊதுது" என்றார்,
கோபமில்லாமல்,
வழி கேட்டவனுக்கு அடையாளம் சொல்வதுபோல.

ஸ்டாண்டுக்கு அடியில், துருவுக்கு நடுவில்
மார்க்கரில் என் கையெழுத்து.
என் பழைய செல் நம்பர். தேதி.
அன்றைக்கு ஏணி எட்டிய இடம் அது, அவ்வளவுதான்.
மூன்று மீட்டர் பைப் மிச்சம் பிடித்ததாக
நல்ல பேரும் வாங்கியிருந்தேன்.

குளிர் என்று எதையும் நாங்கள் செய்வதில்லை.
உள்ளே இருக்கிற வெக்கையை அள்ளி
வெளியே கொட்டுகிறோம்.
அந்த வெளியே யாருடைய உள்ளே என்று
ஐ.டி.ஐ. பரீட்சையில் கேட்டதில்லை.

"மாடிக்கு ஏத்திடலாங்க மேடம்."
"எவ்வளவு கூட ஆகும்?"
சொன்னேன்.
"இருந்த இடத்துலயே இருக்கட்டுமே."
பைப் என் செலவு என்று வாய் தவறி வந்துவிட்டது.
அல்தாப் என்னைப் பார்த்தான்,
சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் பார்க்கிற பார்வை.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் வெட்டிய துண்டு,
அழகாபுரம் கிளினிக்கில் மிஞ்சியது,
வண்டிப் பெட்டியில் எந்த வீட்டுடையது என்றே தெரியாத ஒன்று:
சேர்த்துப் பற்றவைத்தால் ஆறு மீட்டர் வரும்.
மூன்றாவது இணைப்பில் ராடு தீர்ந்தது.
ஐந்து ரோட்டுக்குப் போய்வர
இந்த வெயிலில் ஒரு மணி நேரம்.

படியில் செருப்புச் சத்தம். சென்றாயன்.
கையில் வெங்காரக் கிண்ணம்,
எடை போட்டு மடித்த வெள்ளிப் பொடிப் பொட்டலம்.
"உங்க தீ ரொம்பப் பெருசுங்க."
என் டார்ச்சைத் திருகி,
விரல் நீளத்துக்குக் குறைத்தார்.
செம்பு மாதுளை முத்தாகச் சிவந்தது.
பொடி ஒரு நொடி யோசித்தது.
அப்புறம் பைப்பைச் சுற்றி ஓடி
மெட்டிபோல் நின்றது.

நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவி
மூன்று தலைகளும் குனிந்து பார்த்தோம்.
நான் வைத்த இணைப்பு ஒன்று முட்டை விட்டது.
அவருடையது கம்மென்று இருந்தது.
"அதையும் நீங்களே வெச்சிடுங்க" என்றேன்.

ஆறரைக்கு ஓடியது. அறையில் இருபத்து நாலு.
மேடம் போர்வை எடுத்துவரப் போனார்.
மாடியில் வெக்கை நேராக வானத்துக்குப் போனது,
கொடியில் ஒரு பாவாடை மட்டும் ஆடியது.
வடக்கே மலைப்பாதை விளக்குகள்
வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருந்தன.
"ஏற்காட்ல பொறந்திருக்கணும்ணா" என்றான் அல்தாப்.
நாளைக்கு அங்கேதான் வேலை.
லாட்ஜில் ஆறு கீசர்,
ஒன்றிலும் சுடுதண்ணீர் இல்லையாம்.

பில்லில் வெள்ளிக்கு என்ன எழுதுவது?
கேட்டால், கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

சந்தில் வண்டியைத் தள்ளும்போது
சன்னல் அட்டையை ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.
ஃபேன் இப்போதும் போட முடியாது.
எதிர்ச் சுவரில் நான்கு போல்ட் ஓட்டைகள்.
சிமெண்ட் வைக்க மறந்துவிட்டேன்.
திங்கட்கிழமை வர வேண்டும்.