நாலாவது தந்தி

பேஸ் கிட்டாரை யாரும் கேட்பதில்லை.
நின்றுபோனால்தான்
என்னமோ குறையுதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.
பதினேழு வருசம் கல்யாண மேடைகளில்
பாட்டுக்காரனுக்குப் பின்னால்
ஸ்பீக்கர் பெட்டி ஓரமாக
எனக்கு அந்த இடம்தான்.
குடலும் அப்படித்தான் இருந்திருக்கிறது,
சத்தமில்லாமல்.

கண்டி ஆஸ்பத்திரி. பதினான்கு நாளுக்கு ஒரு தடவை.
ஹட்டனில் இருட்டோடு பஸ் ஏறினால்
கினிகத்தேனை வளைவிலேயே வாந்தி முடிந்துவிடும்,
மருந்துக்கு மிச்சம் வைக்காமல்.
சொட்டுகளை எண்ணுவேன், வேறென்ன வேலை.
மெதுவான நாலு.
பிறகு துஷாரி மிஸ் வந்து சக்கரத்தைத் திருகுவார்,
ஆறுக்கு எட்டாகிவிடும், பைலா.
பக்கத்துக் கட்டில் மாத்தையாவின் சொட்டு
எந்தத் தாளத்திலும் சேராது.
இருவருடையதும் ஒன்றாக விழும் நொடிக்காக
ஒரு காலை முழுக்கப் பார்த்துக் கிடந்தேன்.
ஒரே ஒரு தடவை விழுந்தது.
அவரிடம் சொன்னேன். சிங்களத்தில் என்னவோ சொல்லிச் சிரித்தார்.
ஏழாம் தடவை போனபோது
அந்தக் கட்டிலில் வேறொருவர்.

குளிர்ந்ததைத் தொடாதீர்கள்
என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.
டிக்கோயாக்காரனிடம்!
இங்கே கதவுக் கொண்டி குளிர்,
குழாய் குளிர், கரண்டி குளிர்,
மூடுபனி செருப்பைக் கழற்றாமலே
காம்பராவுக்குள் வந்து உட்காரும்.
தொட்டால் விரல் நுனிக்குள்
கண்ணாடித் தூள் ஓடும்.
ஒரு நாள் தந்தியைத் தொட்டுவிட்டு
கரண்ட் அடித்த மாதிரி கையை உதறினேன்.
சின்னவள் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினாள்.

அன்றிரவு டெய்சிராணி
கொழுந்து நிறுத்து வந்த ஈரத்தோடு
அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து
கிட்டாரை மடியில் கிடத்தினாள்.
பழைய ஃபிளனல் துணியைச் சூடுகாட்டிச் சூடுகாட்டி
தந்தி தந்தியாகத் துடைத்தாள்.
"இப்ப தொட்டுப் பாருங்க."
தேயிலைக் கறை ஏறிய அவள் கட்டைவிரல்
நாலாவது தந்தியில் தெரியாமல் பட்டு
ம்ம்ம் என்றது.
அந்த எட்டு மாசத்தில் எங்கள் லயத்தில் கேட்ட வாசிப்பு
அவ்வளவுதான்.

முடிந்தது என்றார் டாக்டர்.
விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை.
மரத்தவை மரத்தபடி.
சட்டைப் பொத்தான் அகப்படாது.
பைக்குள் இருப்பது
ஐந்து ரூபாயா பத்து ரூபாயா, வெளியே எடுத்தால்தான் தெரியும்.
கொப்புளம் உடைந்ததைக்கூட
தந்தியில் இருந்த சிவப்பைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

சித்திரை பிறந்து தலவாக்கலையில் ஒரு கல்யாணம்.
"நாலே நாலு பாட்டு, அண்ணே," என்றான்
டிரம்ஸ் அடிக்கும் ரொஷான்.
டெய்சிராணி பொத்தான் போட்டு அனுப்பினாள்.
இரண்டாவது பாட்டில் விரல்
ஒரு கட்டை தள்ளிப் போய் இறங்கியது.
ரொஷான் நிமிர்ந்து பார்த்தான்.
சபையில் யாரும் பார்க்கவில்லை,
புரியாணி வந்துகொண்டிருந்தது.

வாரை இழுத்து
கிட்டாரை வயிற்றின்மேல் ஏற்றிக் கட்டினேன்,
மரம் தையலில் அழுந்தும்படி.
தையல் கோடும் செத்துத்தான் கிடக்கிறது,
ஆனால் அதன் இரண்டு கரையிலும் உயிர் இருக்கிறது.
நாலாவது தந்தியை வெறுமனே மீட்டினேன்.
இடது கரை அதிர்ந்தது. பிறகு வலது.
அடுத்த சுரம்.
கொஞ்சம் கீழே என்றது வயிறு. இறக்கினேன்.
அதற்குப் பிறகு விரலிடம் எதையும் கேட்கவில்லை.
நாலாவது பாட்டில் இன்னும் ரெண்டு பிழை விட்டேன், அது வேறு.

சாப்பிடும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா
"மெலிஞ்சிட்டீங்களே, டயட்டா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
ஒரு துண்டுக் கோழி கூட வைத்தார்.

வருகிற பத்தொன்பதாம் தேதி கண்டியில் இரத்தம் எடுக்கிறார்கள்.
இருபதாம் தேதி மஸ்கெலியாவில் ஒரு சாமத்தியச் சடங்கு.
சுவர்க் கலண்டரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில்
இரண்டையும் எழுதியிருக்கிறாள்,
ஒரே பேனையால்.