குறுக்குத்தடி

இன்றைக்கு நாற்பத்தோராவது தடவை
தடியைத் தூக்கி வைக்கிறேன்.
நுனி கவைத்த நீளக் கம்பு இரண்டு.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பியதிலக்க.
ஒரே மூச்சில் உயர்த்தி
முளைகளின்மேல் அமர்த்த வேண்டும்.
தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
எந்தப் பிள்ளை இத்தனை தரம் விழும்?

தியத்தலாவை மைதானம்.
ஆசியப் போட்டியின் மூன்றாம் நாள்.
கசகஸ்தான்காரன் மெத்தையில் மல்லாந்து
வானத்தைத் திட்டுகிறான்.
ஜப்பான்காரன் ஓட்டப் பாதையோரம் ஒட்டிய
மஞ்சள் நாடாவை நகத்தால் உரித்து
ஒரு விரற்கடை பின்னால் ஒட்டுகிறான்.
தள்ளி நின்று பார்க்கிறான்.
மறுபடி உரிக்கிறான்.

உயரத்தைக் கூட்டுவது இங்கே லேசு.
அதிகாரி தாளைப் பார்க்கிறார்,
பத்து சென்ரிமீற்றர் என்கிறார்,
ஒருவன் கைப்பிடியைச் சுற்றுகிறான், ஏறிவிடுகிறது.
எங்கள் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம்,
எத்தனை கையெழுத்து,
கொழும்பில் எத்தனை மேசை.

அடுத்த பெயரை வாசிக்கிறார்கள்:
இருதயசாமி பெனடிக்ட்.
கீழ்ப்பிரிவு, எட்டாம் நம்பர் லயம்.
அவன் குளித்த பீலியில்தான் நானும் குளித்தேன்.
அவனுடைய கோலை ரயிலில் ஏற்ற மாட்டேன் என்று
கார்ட் முழம்போட்டுக் காட்டினார்.
வெலிமடை மரக்கறி லொறியில்,
லீக்ஸ் மூட்டைகளின்மேல் படுத்து,
நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தது அது.
இன்னும் லேசாக லீக்ஸ் மணக்கும்.

இரண்டு முறை தட்டிவிட்டான்.
மூன்றாவதும் போனால்
தாளில் அவன் பெயருக்கு நேரே
உயரம் என்று ஒன்றுமே இராது.
கொழுந்து குறைந்தாலும் அரைப்பேர் போடுவார்கள்.
இங்கே அதுவும் இல்லை.

அந்நேரம் பார்த்து அப்புத்தளைப் பக்கமிருந்து
மூடுபனி ஏறியது.
முதலில் கொடிகளை எடுத்தது.
பிறகு சைப்ரஸ் மரங்களை, புள்ளிப் பலகையை,
ஓட்டப் பாதையின் அந்தத் தலையை,
அந்தத் தலையில் நின்ற அவனை.

அவனுக்குத் தந்த ஒரு நிமிடம் மட்டும்
சிவப்பு எண்களாகக் குறைந்துகொண்டிருந்தது.
பதினேழு. பதினாறு.

ஆணிச்செருப்புச் சத்தம் கேட்டது.
அடி நெருங்க நெருங்க, மழை பிடிக்கும்போது
தகரத்தில் விழுமே, அப்படி.
குழியில் கோல் ஊன்றிய ஒரு 'டொக்'.
அப்புறம் ஒன்றுமில்லை.
கோல் வளைவதற்குச் சத்தம் கிடையாது.

பனிக்குள்ளிருந்து கால்கள் முதலில் வந்தன,
தலைகீழாய்.
பின் முழங்கால், இடுப்பு.
வயிற்றைக் குழித்து, கோலைத் தள்ளிவிட்டு,
பிடிக்க ஒன்றுமில்லாத இரண்டு கைகள்.
அப்போது அவனை
என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

நெஞ்சில் குத்திய நம்பர் துணியில்
கீழ் மூலை ஊசி கழன்றிருந்தது.
காலையிலேயே கவனித்தேன்.
சொல்லலாம் என்றிருந்தேன்,
அதற்குள் பெயர் கூப்பிட்டார்கள்.
அந்த மூலைக்குப் பின்னால் நெஞ்சு
தடியை உரசிக்கொண்டு இறங்கியது.

தடி ஆடியது.
நின்றது.
அவன் மெத்தையில் எழுந்து கும்பிடப் போனான்.
ஒரு காற்று வந்தது.
தடி விழுந்தது.

நடுவர் என்னிடம் வந்தார், கையில் இரண்டு கொடி.
காற்றா, என்று சிங்களத்தில் கேட்டார்.
பியதிலக்க பனிக்கு அந்தப் பக்கமிருந்து
தெரியவில்லை சேர் என்றான்.
காற்று என்றால் வெள்ளை.
ஒரே ஒரு சொல்,
அதுவும் பாதி உண்மை.

பட்டது, என்றேன்.

சிவப்பு.

பெனடிக்ட் இறங்கி என்னைக் கடந்து போனான்.
நான்கு எட்டு வைத்துத் திரும்பினான்.
"இடுப்பு எவ்வளவு மேல போச்சு?"
"ஒரு சாண்."
"சாணா? நெசமா?"
விரலை விரித்துக் காட்டினேன்.
தன் விரலையும் விரித்து
கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.
பிறகு கோலைத் தேடி
பனிக்குள் போய்விட்டான்.

ஜப்பான்காரனைக் கூப்பிடுகிறார்கள்.
பியதிலக்க கம்பை எடுத்துவிட்டான்.
நாற்பத்திரண்டு.