பத்துக்கு எத்தனை

ஈசூன் கோப்பிக்கடையில் வெள்ளி இரவு.
தொலைக்காட்சியில் அவன் அடித்த பழைய கோலையே
மூன்றாவது முறையாகக் காட்டுகிறார்கள்.
கீழே ஓடும் எழுத்தில் அவன் பெயர்.
அவள் பெயரை வெளியிட நீதிமன்றத் தடை.
அதனால் மேசைக்கு மேசை அவளுக்கு ஒரு பெயர்,
இங்கே எழுத முடியாதவை.

"பத்துக்கு ஏழு பொய்" என்கிறார் மரியசெல்வம்.
"பேர் இருந்தா எட்டு. காசும் இருந்தா ஒன்பது."
ஜமாலுதீன் இரண்டிலேயே நிற்கிறார்.
எங்கோ படித்ததாம், எங்கே என்று நினைவில்லை.
அடுத்த மேசை டெக் ஹுவாட்டுக்கு
நாற்பது வருடம் இவர்களோடு குடித்ததில்
தமிழில் எண்கள் மட்டும் தெரியும்.
ஏழு எட்டு ஒன்பது இரண்டு
என்று சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்கிறார்.
நாளை மாலை குலுக்கல்.

வழக்கு நேற்று முடிந்தது.
இல்லை, முடியவில்லை.
விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு.
பத்தொன்பது ஆண்டுகளாக இதை
ஒரே மூச்சில் சொல்லப் பார்க்கிறேன்.
கூண்டில் நிற்பவர் எப்போதும் திரும்பக் கேட்பார்:
விட்டுட்டாங்களா இல்லியாம்மா?
விட்டிருக்கிறார்கள். மறுபடி கூப்பிடலாம்.
நிரூபிக்கப்படவில்லை என்பதும் நீளம்தான்.
பொய் இரண்டே எழுத்து.
கோப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க
அதுதான் தோது.

என் வேலையில் 'அவள் சொல்கிறாள்' என்பது கிடையாது.
அவள் நான் என்றால் நானும் நான்.
ஒரு திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் எண் அறையில்,
நான் கதவருகே நின்றேன் என்றேன்,
என் கைப்பை உள்ளே இருந்தது என்றேன்,
அவர் பெரிய ஆட்டக்காரர், என் அண்ணன்
அவர் படத்தை அலமாரியில் ஒட்டிவைத்திருந்தான் என்றேன்.
பிறகு அவள் நிறுத்தினாள்.
நானும் நிறுத்தினேன்.
பதிவில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை,
அடுத்த கேள்விதான் ஒட்டிக்கொண்டு வருகிறது:
மறுத்தீர்களா?
சம்மதம் என்ற சொல்லை நான் எங்கே தூக்கிப்போனாலும்
பின்னாலேயே மௌனமும் வந்து நிற்கிறது,
கல்யாண வீட்டுப் பழமொழியைக் கையில் பிடித்துக்கொண்டு.

வேறோர் ஆண்டு நான் ஹாக்கிப் பயிற்றுநர்.
அன்று நான் ஜொகூரில் இருந்தேன் என்றேன்,
கடப்பிதழைப் பாருங்கள் ஐயா என்றேன்.
முத்திரை இருந்தது.
புகார் சொன்னவரும் அழுது ஒப்புக்கொண்டார்,
அதையும் நானேதான் சொன்னேன், நான் என்று.
எல்லாம் சரியாகவே முடிந்தது.
பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.
உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தில்
என்னைக் கண்டதும் வேறு வரிசைக்கு மாறினார்.
அவர் மெல்லச் சொன்னதையெல்லாம்
உரக்கச் சொன்ன வாய் இது.

அந்த ஏழில் அவர் ஒருவரா?
ஜமாலுதீனின் இரண்டில் ஒருவரா?
கதவருகே நின்றவளை எங்கே சேர்ப்பது,
தீர்ப்பே அவளை எதிலும் சேர்க்காதபோது?

என் கணவர் தனபாலனுக்குப் பெருமை தாங்கவில்லை.
"இவங்க கோர்ட்லதானே இருக்காங்க, கேளுங்களேன்."
முகங்கள் திரும்பின.
டெக் ஹுவாட்டும் பேனாவை எடுத்துவிட்டார்.
சத்தியம் செய்து ஏற்ற வேலை,
வெளியில் பேசக் கூடாது.
அதைவிட, எந்த நான் பேசுவது என்று தெரியவில்லை.
தேநீரில் படிந்த ஆடையைக்
கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"பாத்தீங்களா" என்று மேசையைத் தட்டினார் மரியசெல்வம்.
"வாயே தெறக்கல. அவங்களே ஒத்துக்கிட்டாங்க."
ஜமாலுதீனும் தலையாட்டினார்,
தன் இரண்டுக்காக.