கலங்கல்

துரை ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில்
துடுப்புப் போட ஆசைப்பட்டு மறித்த ஓடை.
பாசனம் கிடையாது, குடிநீர் கிடையாது,
ஆகவே அணை என்று எந்தப் பதிவேடும் இதைச் சொல்வதில்லை.
பேரூராட்சி வரவில் ‘படகுக் குத்தகை’.
செலவில் நான்:
கரைக் காவல், தினக்கூலி, பெண், ஒருவர்.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குப் போகும் பஸ்ஸில்
இடது ஜன்னல்காரர்களுக்கு மட்டும் தெரியும்
இருபதடி மண்கரை.
இரும்பு இல்லை, சிமெண்ட் இல்லை,
மாடுகளும் ஆட்களும் மிதித்து இறுக்கிய களி.
கசியும். கசியட்டும்.
எவ்வளவு, என்ன நிறம்,
அதுதான் என் வேலை.

அடிவாரத்தில், பெரணிக்குப் பின்னால், விரல் தடிமனில் நீர்.
பெயின்ட் வாளியை வைத்துப் பிடிப்பேன்.
பத்து லிட்டர் நிறைய
பங்குனியில் ஐம்பத்தெட்டு வினாடி,
ஆடியில் நாற்பத்தொன்று.
நோட்டில் எழுதுவேன்.
மூன்று வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை,
படகுக்கார எட்வின் சவரிராஜ்
சில்லறைக் கணக்குப் போட நடுப்பக்கம் கிழித்துப் போனதைத் தவிர.

சீகைக் கன்றை விரல் பருமனில் பிடுங்கிவிட வேண்டும்.
கை பருமன் ஆனால் வேர் போன வழியே நீர் போகும்.
நண்டு வளைக்குக் களிமண் உருண்டை.
முள்ளம்பன்றிக்கு, என்ன செய்வது, வசவு.

எட்வினுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும்.
தீபாவளி விடுமுறைக்கென்று
கலங்கல் வாயில் நாலு பலகை அடித்திருந்தான்.
பதினொரு வாத்துப் படகுகள்
தரை தட்டாமல் திரும்ப வேண்டுமாம்.

மூன்றாம் நாள் மழை.
வாளி இருபத்திரண்டு வினாடியில் நிறைந்தது.
டூரிஸ்ட் வீசிய குவார்ட்டர் பாட்டிலில் பிடித்து
கொட்டகை மேசையில் நிற்கவைத்து
பின்னால் டார்ச் அடித்தேன். மோர்த்தண்ணி நிறம்.
ஒரு மணி நேரத்தில் மேலே தெளிந்தது,
அடியில் நகக்கனம் மண்.
ஓடை கொண்டுவந்த மண் அல்ல.
செம்மஞ்சள். கரையின் உள்மண்.

கலங்கல் என்றால் உபரி போகும் வழி.
கலங்கல் என்றால் தெளியாத நீர்.
ஒன்றை அடைத்தால் மற்றது திறக்கும் என்று
எங்களுக்கு முன்னமே
இந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

கடப்பாரை எடுத்தேன்.
ஒரேயடியாகத் திறந்தால் கரையின் உள்வயிறு சரியும்.
ஒரு பலகை,
பிறகு நனைந்துகொண்டே காத்திருப்பு,
பிறகு இன்னொன்று.
நாலாவது வர விடிந்துவிட்டது.

வாத்துகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன,
ஒன்று மட்டும் நிமிர்ந்து, எட்வினைப் பார்த்தபடி.
அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.
கீழே ஓடையோரம் ராசக்காள்,
எவளுக்காக விடிய விடிய நின்றேனோ அவள்,
பூண்டுப் பாத்தியில் நீர் ஏறிவிட்டதென்று
மண்வெட்டியோடு மேலே வந்துவிட்டாள்.
“அழுகினா நீ தருவியா?”
தரமாட்டேன் என்றேன்.

வாளி இப்போது முப்பத்தாறு வினாடி.
கசியும் இடத்தில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல்;
நீர் வரலாம், மண் வரக்கூடாது.
மணல் என் காசு. ஜல்லி, ரோடு வேலையில் மிச்சம்.

மெமோ வந்திருக்கிறது.
‘யாருடைய உத்தரவின் பேரில்’ என்பதற்கு எதிரே
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.
காற்றுக்குப் பறக்காமல்
பாட்டிலை அதன்மேல் வைத்திருக்கிறேன்.
அசைக்காதீர்கள்,
மறுபடி கலங்கிவிடும்.